பட்டணத்தில் ஒரு திசையறி ஓட்டம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பரிசு பெற்ற பிள்ளைகளைப் பாராட்டி நாலு வார்த்தை பேசுங்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பாராட்டு மாலையிலிருந்து மழை மாதிரி பொழிந்துவிட்டது. ஆகவே, பரிசு வாங்காத ஐந்து பிள்ளைகளைப் பற்றிப் பேச அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு பினாங்கு ஜார்ஜ்டவுனில் நடந்த ஒரு போட்டிக்கு நம் பள்ளியின் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் ஐந்து பேரும் நானும் போனோம். மூன்று பையன்கள், இரண்டு பெண்பிள்ளைகள். பிள்ளைகள் சிறுவர் பிரிவில் ஓடினார்கள். நான் என் வயதுக்காரர்களோடு ஓடினேன். கோப்பை எதுவும் கொண்டுவரவில்லை. அதனால்தான் இந்த மேசையில் அதன் அடையாளம் இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பெற்றோராகிய நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்தப் போட்டிக்கு ஓரியன்டீரிங் என்று பெயர். நான் தமிழில் ‘திசையறி ஓட்டம்’ என்று சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்கு இதைவிட நல்ல சொல் தோன்றினால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்வேன். ஆட்டம் இதுதான். கையில் ஒரு வரைபடம் கொடுப்பார்கள், ஒரு திசைகாட்டி இருக்கும். படத்தில் வட்டம் வட்டமாகச் சில இடங்களைக் குறித்து 1, 2, 3 என்று எண் போட்டிருப்பார்கள். வட்டத்தின் நடுவில் உள்ள இடத்தில் நிஜமாகவே ஒரு கொடி தொங்கும். வெள்ளையும் ஆரஞ்சும் கலந்த முக்கோணக் கூண்டு மாதிரி இருக்கும் அது. பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர். எண் வரிசைப்படி ஒவ்வொரு கொடியாகத் தேடிப் போய், போனதற்கு அடையாளம் பதித்துக்கொண்டு, முடிவிடத்துக்கு வந்து சேர வேண்டும். எந்தத் தெரு வழியாகப் போகிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். வழி உன்னுடையது. யார் குறைந்த நேரத்தில் வருகிறாரோ அவருக்குத்தான் வெற்றி.

இந்த ஆட்டம் பிறந்தது குளிர் நாட்டுக் காட்டில். ஆரம்பத்தில் அது சுவீடன், நார்வே நாடுகளின் பட்டாளத்துப் பயிற்சி. பொதுமக்களுக்கென்று நார்வேயில் 1897-ஆம் ஆண்டு ஒரு போட்டி வைத்தபோது கலந்துகொண்டவர்கள் எட்டே பேர். பிறகு சுவீடனில் ஏர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற பட்டாளத்து அதிகாரி, சாரணர் இயக்கத்திலும் ஈடுபட்டிருந்தவர், பையன்களுக்கு ஓட்டப்பந்தயத்தில் ஆர்வம் குறைவதைப் பார்த்து, ‘வெறுமனே ஓடு என்றால்தானே சலிப்பு, தேடிக்கொண்டு ஓடட்டுமே’ என்ற எண்ணத்தில் இதை வளர்த்தார். 1919-இல் ஸ்டாக்ஹோம் அருகே அவர் நடத்திய போட்டிக்கு இருநூறுக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். 1961-இல் பத்து நாடுகள் கூடி அனைத்துலகச் சம்மேளனம் அமைத்தன. காட்டில் இருந்த ஆட்டம் மெல்ல மெல்லப் பூங்காவுக்கும் பட்டணத்துத் தெருவுக்கும் வந்தது. 2001-இல் பின்லாந்தில் நடந்த உலகப் போட்டியில் குறுகிய நேர ஓட்டம் என்ற பிரிவை முதன்முறையாகச் சேர்த்தார்கள். பதினைந்து நிமிடத்துக்குள் முடிகிற ஓட்டம் அது. 2014-இல் அந்தப் பிரிவின் உலக இறுதிச் சுற்று இத்தாலியின் வெனிஸ் நகரத்தில் நடந்தது. அங்கே தெருக்களுக்கு நடுவே கால்வாய்கள் ஓடும். சந்தில் ஓடிப்போய் முனையில் பாலம் இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்!

சரித்திரம் போதும். நம் பிள்ளைகளின் கதைக்கு வருகிறேன்.

ஜார்ஜ்டவுனின் பழைய பகுதி உங்களில் பலருக்குத் தெரியும். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போயிருப்பீர்கள். 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கியபோது கட்டம் கட்டமாகக் கோடு போட்டுத் தெரு வகுத்தார். லைட் தெரு, பீச் தெரு, சூலியா தெரு, பிட் தெரு ஆகிய நான்குக்கும் நடுவில் இருப்பதுதான் அந்தப் பழைய கட்டம். பீச் தெரு அப்போது நிஜமாகவே கடற்கரை. அதற்கு அப்பால் உள்ள நிலம் பிற்காலத்தில் கடலைத் தூர்த்து எடுத்தது. கட்டம் கட்டமாக இருந்தால் வழி கண்டுபிடிப்பது சுலபம்தானே என்று நினைப்பீர்கள். அங்கேதான் சங்கதி இருக்கிறது. ஒரு தெரு மாதிரியே அடுத்த தெருவும். அதே கடைவீடு, அதே ஐந்தடி நடைபாதை, அதே தூண். வீட்டுக்குப் பின்னால் வாளிக் கக்கூஸ் காலத்துப் பின்சந்துகள் வேறு. சில சந்து அந்தப் பக்கம் வெளியே விடும். சில சந்து சுவரில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

இன்னொரு வேடிக்கை, ஒரே தெருவுக்கு எத்தனை பெயர்! பலகையில் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்றிருக்கும். வயதானவர்கள் பிட் ஸ்ட்ரீட் என்பார்கள். சீனர்களுக்கு அவர்கள் மொழியில் ஒரு பெயர், நம்மவர்களுக்கு ஒரு பெயர். யாரைக் கேட்டாலும் அவரவர் பெயரைத்தான் சொல்வார்கள். திசையறி ஓட்டத்தின் படத்தில் பெயரே கிடையாது. ஆமாம், ஒரு தெருவின் பெயர்கூட எழுதியிருக்காது! கட்டடம் கருஞ்சாம்பல் நிறம். கூரை போட்ட நடைபாதை, அதாவது நம் ஐந்தடி, இளஞ்சாம்பல். அதன் வழியே ஓடலாம். தனியார் தோட்டமும் முற்றமும் ஆலிவ் பச்சை. அங்கே கால் வைத்தால் போட்டியிலிருந்து நீக்கம். தடித்த கருப்புக் கோடு என்றால் தாண்டக்கூடாத சுவர் அல்லது வேலி. ஏறிக் குதிக்க முடிந்தாலும் குதிக்கக்கூடாது. அளவு 1-க்கு 4000. படத்தில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 40 மீட்டர். மலாய் தெரிந்தவன், சீனம் தெரிந்தவன், ஆங்கிலம் தெரிந்தவன், தமிழ் மட்டும் தெரிந்தவன் என்ற வேற்றுமை அந்தக் காகிதத்தின் முன்னால் இல்லை. இது எனக்கு மிகவும் பிடித்தது.

பிள்ளைகளை ஒன்றாக ஓட விடமாட்டார்கள். ஒரு நிமிடத்துக்கு ஒருவராக அனுப்புவார்கள். படம் கடைசி நொடியில்தான் கைக்கு வரும். கைப்பேசி கூடாது. விரலில் ஒரு சிறிய மின்னணுச் சிப் மாட்டிவிடுவார்கள். கொடிப் பக்கத்தில் உள்ள பெட்டியில் அதை வைத்தால் ‘பீப்’ என்று கத்தும், நேரம் பதிவாகிவிடும். சிறுவர் பாதை பெரிய சாலை எதையும் கடக்கவில்லை. உள்ளே இருந்த தெருக்களையும் அன்று காலை வண்டி நுழையாமல் அடைத்திருந்தார்கள். சந்து முனைகளில் தொண்டர்கள் நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளை கழுத்திலும் ஒரு விசில் தொங்கியது. இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம் பெற்றோர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

ஒரு தாயார், இதோ மூன்றாவது வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார், பெயர் சொல்லமாட்டேன், கையெழுத்துத் தாளை இரண்டு வாரம் வைத்திருந்தார். நான் வீட்டுக்கே போய்க் கேட்டேன். “பொம்பளப் புள்ள சார். டவுன்ல தனியா எப்படிங்க உடுறது? காணாமப் போச்சுன்னா யாரப் போயிக் கேக்குறது?” என்றார். நியாயமான பயம். நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு டவுன் என்றால் எப்போதும் ஒரு கலக்கம் உண்டு. பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் அண்ணன் வந்து கூட்டிப்போக வேண்டும், மாமா வந்து கூட்டிப்போக வேண்டும். ஆள் வரும்வரை மூட்டையைக் கட்டிக்கொண்டு அதே தூணடியில் நிற்பது நம் வழக்கம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு எத்தனையோ குடும்பங்கள் டவுனுக்குப் போய்ச் சேர்ந்தனவே, அவர்களில் எத்தனை பேர் அங்கே பத்து வருடம் இருந்தும் வீட்டையும் வேலையிடத்தையும் தவிர மூன்றாவது வழி அறியாமல் இருந்தார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாவிடம் நான் கேட்டேன்: “உங்க மாமியார் பால் வெட்டுக்குப் போனாங்களே, இருட்டுல எப்படிப் போனாங்க?”

“தலையில விளக்குக் கட்டிக்கிட்டுத்தான்.”

“விளக்கு நாலு மரத்துக்குத்தானே வெளிச்சம் காட்டும்? அவங்க வெட்டுற மரம் ஐந்நூறு இருக்குமே?”

“நெரை எண்ணித்தான் போவாங்க. அதெல்லாம் அவங்களுக்குக் கண்ண மூடுனாலும் தெரியும்.”

அதுதான் விஷயம். என் தாயாரும் பால் வெட்டியவர்தான். விடியுமுன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் வெளிச்சத்துக்குக் காத்திருக்க முடியாது. எல்லா மரமும் ஒரே மாதிரி நிற்கும் கித்தாக் காட்டில், எந்த நிரையில் எத்தனையாவது மரத்தில் நிற்கிறோம் என்பது அவருக்கு எப்போதும் தெரியும். மேட்டு நிலத்தில் நிரை நேராகப் போகாது. மலையைச் சுற்றி ஒரே உயரத்தில் படி வெட்டி நட்டிருப்பார்கள். வரைபடத்தில் பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து போகும் கோடு இருக்கிறதே, சம உயரக் கோடு என்று புவியியல் புத்தகத்தில் படிப்பீர்களே, அது வேறொன்றுமில்லை, அந்தப் படிதான். புத்தகத்தில் அது புரியாமல் தலையைச் சொறிகிற பையனின் பாட்டி அந்தக் கோட்டின் மேலேயே முப்பது வருடம் நடந்திருக்கிறார். நிற்குமிடம் அறிகிற வித்தை நம் குடும்பங்களில் இருந்ததுதான். கித்தா போய்ச் செம்பனை வந்து, செம்பனைக் காடும் வீட்டு மனையானபோது, அந்த வித்தைக்கு வேலை இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

கையெழுத்து கிடைத்தது.

போட்டிக்கு முன் நான்கு சனிக்கிழமை நம் திடலில் பயிற்சி. முதல் பாடம் ஒன்றே ஒன்று: படத்தைத் திருப்பிப் பிடி. பிள்ளைகள் எழுத்துப் படிக்கிற பழக்கத்தில் படத்தையும் நேராகவே பிடித்துக்கொள்கிறார்கள். உடம்பு தெற்கே பார்க்கும், படம் வடக்கே பார்க்கும்; இடது வலதாகிவிடும். படத்தில் வடக்கைக் காட்டும் கோடுகள் இருக்கும். திசைகாட்டி ஊசிக்கு அந்தக் கோடு இணையாக வரும்வரை படத்தைத் திருப்ப வேண்டும். படம் தலைகீழானாலும் பரவாயில்லை. நம் நாட்டில் காந்த ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் ஒரு பாகைகூட இல்லை. ஆகவே கணக்குப் போட்டுக் கழிக்கிற தொல்லையும் இல்லை. திருப்பிப் பிடித்துவிட்டால் படத்தில் வலப்பக்கம் இருப்பது தரையிலும் வலப்பக்கம்தான் இருக்கும். இரண்டாவது பாடம், கட்டைவிரல். நிற்கிற இடத்தில் கட்டைவிரலை வைத்துப் படத்தை மடித்துப் பிடி. நீ நகர்ந்தால் விரலும் நகரட்டும். மூன்றாவது, கொடியில் உள்ள எண்ணைப் பார். கொடிகளின் அடையாள எண் 31-இலிருந்து தொடங்கும். வரிசை எண்ணோடு குழம்பாமலிருக்கத்தான் அப்படி.

போட்டியன்று இந்த மூன்றாவது பாடம்தான் வேடிக்கை காட்டியது. வேறொரு ஊர்ப் பையன், மான் மாதிரி ஓடினான். எல்லாருக்கும் முன்னால் வந்து சேர்ந்தான், கைதட்டல் வாங்கினான். சிப்பைப் படித்துப் பார்த்தால் ஐந்தாவது கொடி தப்பு. பக்கத்துச் சந்தில் பெரியவர்கள் பாதைக்கு வைத்திருந்த கொடியில் பதித்துவிட்டு, எண்ணைப் பார்க்காமல் பறந்துவிட்டான். போட்டியில் கணக்கில்லை. பாவம், அவனுடைய அப்பா முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

நம் பிள்ளைகளில் ஒருவன் குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில் முன்னால் ஓடியிருக்கிறான். 1833-இல் எழுந்த கோயில் அது. படத்தில் வெறும் சாம்பல் கட்டம்தான். கோபுரத்தைக் கண்டதும் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போனானாம். “பத்து செகண்டு போச்சு சார், ஆனா எங்க இருக்கேன்னு கரெக்டா தெரிஞ்சிருச்சு” என்றான். கும்பிட்டதும் நல்லது, அடையாளம் பிடித்ததும் நல்லது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கையெழுத்துப் போடாத அந்தத் தாயாரின் மகளுக்கு ஆறாவது கொடியிலிருந்து ஏழாவது கொடிக்குப் போகிற கட்டம்தான் சோதனை. படத்தில் மூன்று சென்டிமீட்டர், அதாவது நேராகப் போனால் 120 மீட்டர். நேரே ஒரு பின்சந்து வா வா என்று கூப்பிடுகிறது. ஆனால் சந்தின் பாதியில் பொட்டு மாதிரி ஒரு தடித்த கருப்புக் கோடு. முன்னால் போன இரண்டு பையன்கள் சந்துக்குள் பாய்ந்தார்கள். சுவரில் முட்டித் திரும்பினார்கள். அவர்கள் பின்னாலேயே ஓடியிருக்கலாம், ஆள் போகிற பக்கம் போவதுதானே நம் எல்லாருக்கும் சுபாவம். இந்தப் பிள்ளை சந்து வாயிலில் நின்றுவிட்டது. தொண்டராக நின்ற நண்பர் பிறகு என்னிடம் சொன்னார்: “உங்க பொண்ணு நின்னு படத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. வழி தெரியாம அழப்போகுதுன்னு நெனச்சேன். சட்டுனு வலது பக்கம் திரும்பி ஐந்தடியிலேயே ஓடிடுச்சு.” சுற்றுவழிதான், தூரம் அதிகம்தான். ஆனால் இரண்டே திருப்பம், போய்ச் சேர்ந்துவிட்டது.

முடிவிடத்தில் நான் கேட்டேன், “ஏம்மா நின்னுட்ட?”

“படத்தத் திருப்பிப் புடிச்சேன் சார். அப்புறம் எல்லாம் சரியா இருந்துச்சு.”

அந்தப் பிள்ளைக்கு ஒன்பதாவது இடம். கொடி ஒன்றுகூடத் தவறவில்லை. ஐவரில் நால்வர் முழுமையாக முடித்தார்கள். ஒருவன் நேரம் கடந்து வந்தான், ஆனால் தானாகவே வந்தான், யாரும் போய் அழைத்து வரவில்லை. சாப்பிட்டு முடித்து வேன் வர ஒரு மணி நேரம் இருந்தது. வேன் நிற்பது பெங்காலான் வெல்டில், கடலோரம். நான் எழுந்து முன்னால் நடக்கப் போனேன். “இருங்க சார், நாங்க கூட்டிட்டுப் போறோம்” என்று பழைய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஐந்தும் முன்னால் நடந்தன. சூலியா தெருவிலிருந்து கடலோரம்வரை நான் அவர்கள் பின்னால் நடந்தேன். ஒரே ஒரு தடவை சண்டை வந்தது, இடதா வலதா என்று. படத்தைத் தரையில் விரித்துத் தீர்த்துக்கொண்டார்கள்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இன்னும் இரண்டு செய்தி சொல்ல வேண்டும். உலகப் போட்டியில் 2014 முதல் பட்டணத்தில் ஓடும் கலப்பு அஞ்சல் ஓட்டம் ஒன்று உண்டு. இரண்டு பெண், இரண்டு ஆண். அதில் முதலில் ஓடித் தொடங்கி வைப்பதும் பெண், கடைசியில் ஓடி முடித்துக் கொடுப்பதும் பெண். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சிமோன் நிக்லி என்ற அம்மையார் இந்த ஆட்டத்தில் 23 உலகத் தங்கப் பதக்கம் வாங்கியவர். 2011-இல் இரட்டைக் குழந்தைகள் பெற்றார். 2012-இல் மறுபடியும் உலகப் பட்டம்! மூன்று பிள்ளைக்குத் தாய். கல்யாணம் ஆனால் எல்லாம் முடிந்தது என்று நம் வீடுகளில் பேசுகிறோமே, அதற்காகச் சொன்னேன்.

கைப்பேசியில்தான் எல்லா வழியும் இருக்கிறதே என்று ஓர் இளைஞர் என்னிடம் வாதாடினார். இருக்கிறது, நானும் வைத்திருக்கிறேன். ‘இருநூறு மீட்டரில் இடது பக்கம் திரும்பு’ என்று அது சொன்னால் திரும்புகிறோம். ஆனால் மின்கலம் தீர்ந்தால் அதே பழைய தூணடிதான், அதே மூட்டைதான்.

சரி, செலவைப் பற்றியும் பேசிவிடுகிறேன். நம்மவர்கள் கேட்க வெட்கப்பட்டுக் கேட்காமலே போய்விடுகிற விஷயம் அது. பயிற்சிக்குச் செலவு கொஞ்சம்தான். நாங்கள் கொடிக்குப் பதில் காலிப் பால் டின் வைத்தோம். ஒவ்வொரு டின்னிலும் ஒரு தமிழ் எழுத்து. போனவன் அந்த எழுத்தை எழுதிக்கொண்டு வர வேண்டும். எழுத்துகளைச் சேர்த்தால் ஒரு சொல் வரும்படி வைக்கலாம் என்று ஓர் ஆசிரியை யோசனை சொன்னார். நான் வேண்டாம் என்றேன். நம் பசங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? மூன்று எழுத்து கிடைத்ததும் மிச்சத்தை மரத்தடியில் உட்கார்ந்தே ஊகித்துவிடுவான்கள்! திசைகாட்டி மட்டும் ஐந்து வாங்கினோம். படம் நாமே வரைந்தது. பள்ளி நிலத்துக்கு 1-க்கு 1000 அளவு போதும். ஒரு சென்டிமீட்டர் பத்து மீட்டர். கயிறு பிடித்துப் பத்து மீட்டர் அளந்து, அதற்குத் தன் காலுக்கு எத்தனை எட்டு என்று ஒவ்வொரு பிள்ளையும் எண்ணிக்கொண்டால், அப்புறம் கயிறும் வேண்டாம். கணிதம் வராத ஒரு பையன் அந்த எட்டுக் கணக்கில் எல்லாரையும் மிஞ்சினான் என்பதை வகுப்பாசிரியருக்கு இந்த மேடையிலேயே சொல்லிவைக்கிறேன்.

இந்த ஆண்டு பள்ளியோடு நிறுத்தாமல் நம் தோட்டத்துக்கே ஒரு படம் வரைய நினைக்கிறோம். பழைய லயம் இருந்த வரிசை, கோயில், ஆயாக்கொட்டகை இருந்த இடம், பெரட்டு நடந்த திடல், ஆற்றுப் பாலம் எல்லாம் அதில் வர வேண்டும். இடிந்துபோன கட்டடம் எங்கே இருந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்கும் பாதிதான் தெரியும். ஆகவே பெரியவர்கள் கூட நடந்து வந்து காட்ட வேண்டும். வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கொடிக்கம்பத்தடியில் கூடுகிறோம். பிள்ளைகள் சப்பாத்து போட்டு வரட்டும், சிலிப்பர் வேண்டாம். பென்சில், அழிப்பான், மழை வந்தால் தாளைப் போட்டு வைக்க ஒரு பிளாஸ்டிக் பை, தண்ணீர்ப் போத்தல். வீட்டில் காலிப் பால் டின் இருந்தால் விளிம்பைத் தட்டிச் சரிசெய்து கொடுத்தனுப்புங்கள். போன தடவை இரண்டு பிள்ளைகள் விரலை அறுத்துக்கொண்டார்கள்.

அடுத்த போட்டிக்கான கையெழுத்துத் தாள் மண்டப வாசலில் மேசைமேல் இருக்கிறது. மூன்றாவது வரிசை அம்மா, உங்கள் இளைய மகளும் பெயர் கொடுத்திருக்கிறாள்.